படகு இன்ஜினுக்கு ஆயில் மாற்றுவது, மற்ற பராமரிப்பு வேலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படகின் பின்புறம் வெளியே மாட்டும் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரோ, படகுக்குள்ளேயே பொருத்தியிருக்கும் சிறிய இன்போர்டு இன்ஜினோ வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பொதுவானவை. உங்கள் இன்ஜினின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்தாலும், வெளியே வரும் பழைய ஆயிலை நீங்களே உங்கள் கண்ணால் பாருங்கள். இன்ஜினைப் பிரிக்காமலே அதன் நிலைமையைத் தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி கிடையாது.

காருக்குக் கிலோமீட்டர் பார்த்து ஆயில் மாற்றுகிறோம். படகுக்கு என்ன கணக்கு?

ஓடிய மணி நேரம்தான் கணக்கு. பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முன்னே வருகிறதோ அது. டீசல் இன்போர்டுகளில் இது மாடலுக்கு மாடல் மாறும்.

புது இன்ஜினுக்கு முதல் மாற்றம் சீக்கிரமே வந்துவிடும். பல அவுட்போர்டுகளில் 20 மணி நேரத்திலேயே மாற்றச் சொல்வார்கள். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது உதிரும் உலோகத்தூள் அந்த முதல் ஆயிலில்தான் சேர்கிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

100 மணி நேரம் என்பது குறைவாகத் தோன்றலாம். நெடுஞ்சாலையில் சீராகப் போகும் கார் தன் இன்ஜினின் முழு பலத்தில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. படகுக்கு அந்த ஓய்வே இல்லை. இறக்கம் கிடையாது, உருண்டு போவதும் கிடையாது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வேகப்படகு என்றால் நிமிடத்துக்கு 4,000, 5,000 சுற்றுகளில் மணிக்கணக்கில் ஓடும். அந்த உழைப்பை ஆயிலும் சேர்ந்துதான் தாங்குகிறது.

மணி காட்டும் மீட்டர் இல்லையென்றால் படகிலேயே ஒரு நோட்டு வைத்து, கிளம்பிய நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் எழுதி வாருங்கள்.

வருடத்தில் 30 மணி நேரம்கூட ஓட்டுவதில்லை. அப்போதும் மாற்ற வேண்டுமா?

கட்டாயம் மாற்ற வேண்டும். எரிபொருள் எரியும்போது நீராவியும் அமிலத்தன்மை கொண்ட பொருள்களும் உண்டாகி, அதில் கொஞ்சம் ஆயிலில் கலந்துவிடுகிறது. நீண்ட நேரம் நல்ல சூட்டில் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் படகில் அது உள்ளேயே தங்கிவிடும். குறைவாக ஓடுவதாலேயே ஆயில் சுத்தமாக இருக்கும் என்று நினைப்பது தவறு.

படகைச் சில மாதங்கள் சும்மா நிறுத்தப் போகிறீர்கள் என்றால், நிறுத்துவதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள். மறுபடி எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தப் பழைய ஆயிலோடுதான் பேரிங்குகள் அத்தனை மாதமும் கிடக்கும். மாற்றியபின் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் புது ஆயில் எல்லா இடத்திலும் படிந்திருக்கும்.

கார் இன்ஜின் ஆயிலையே ஊற்றலாமா?

பெட்ரோல் அவுட்போர்டு என்றால் வேண்டாம். டப்பாவில் எஃப்சி-டபிள்யூ (FC-W) என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் படகு இன்ஜின்களுக்கான தரச்சான்று அது. துருப் பிடிக்காமல் காப்பதையும், அதிகச் சுற்றில் நீண்ட நேரம் ஓடினாலும் ஆயில் தன் கெட்டித்தன்மையை இழக்காமல் இருப்பதையும் அதில் சோதிக்கிறார்கள். கெட்டித்தன்மையில் 10டபிள்யூ-30 பரவலாகப் பயன்படுவது. சில இன்ஜின்களுக்கு 25டபிள்யூ-40 கேட்பார்கள்.

டீசல் இன்போர்டின் கதை வேறு. கையேடு கேட்கும் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தரமும், பெரும்பாலும் 15டபிள்யூ-40 என்று வரும் கெட்டித்தன்மையும் பொருந்தினால், லாரிகளுக்கு ஊற்றும் நல்ல டீசல் இன்ஜின் ஆயிலே போதும். டப்பாவில் படகுப் படம் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அப்புறம், இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போவதற்காகச் செய்யப்பட்டது. அதை நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினின் ஆயில் தொட்டியில் ஊற்றவே கூடாது. இரண்டு வகை மோட்டாரும் இருக்கும் இடத்தில் டப்பாக்களைத் தனித்தனியாக வையுங்கள்.

இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் ஆயிலை எடுக்க வேண்டுமா?

ஆமாம், ஆனால் கையைச் சுடும் அளவுக்கு வேண்டாம். ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்க இன்னொரு ஐந்து நிமிடம் கொடுங்கள். இளஞ்சூட்டில் ஆயில் இளகி ஓடும். அடியில் படிந்த கசடும் கலங்கி அதோடு வெளியே வந்துவிடும். குளிர்ந்த ஆயிலை எடுத்தால் அந்தக் கசடு உள்ளேயே தங்கும்.

படகு கரையில் இருந்தால் இங்கேதான் கவனம் தேவை. தண்ணீர் இல்லாமல் அவுட்போர்டைச் சில விநாடி ஓட்டினாலே பம்பில் உள்ள ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இதழ்கள் கொண்ட சக்கரம்) கெட ஆரம்பித்துவிடும். தண்ணீர் உறிஞ்சும் துளைகளை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் ரப்பர் மூடிகளை மாட்டி, ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு, அதன்பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். பின்பக்கச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதா என்று பாருங்கள். அடிக்காவிட்டால் உடனே நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். புரொப்பல்லர் பக்கம் யாரும் நிற்க வேண்டாம். சில மோட்டார்களில் கழுவுவதற்கென்றே ஹோஸ் மாட்டும் இணைப்பு இருக்கும். அவற்றில் பல, இன்ஜின் நின்றிருக்கும்போது மட்டுமே பயன்படுத்த வேண்டியவை. கையேட்டைப் பார்க்காமல் அதை நம்பி இன்ஜினை ஓட்டாதீர்கள்.

அவுட்போர்டில் ஆயிலை எப்படி வடிப்பது?

மோட்டாரை நேராக நிமிர்த்தி வையுங்கள். மேலே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டால் காற்று உள்ளே போய் ஆயில் தடையின்றி இறங்கும். வடிகால் ஸ்க்ரூ பெரும்பாலும் பக்கவாட்டில் இருப்பதால், கழற்றியதும் ஆயில் மோட்டாரின் உடம்பில் வழிந்து இறங்கும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை நீளவாக்கில் வெட்டி ஸ்க்ரூவுக்குக் கீழே பிடித்தால் ஆயில் நேராகப் பாத்திரத்தில் விழும்.

ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது அதன் வாஷரைப் புதிதாக மாற்றுங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக அடைக்காது. பலம் கொண்ட மட்டும் முறுக்குவதும் வேண்டாம். அலுமினிய உடம்பில் மரை போய்விட்டால் சரிசெய்வது பெரிய வேலை.

இன்போர்டில் வடிகால் ஸ்க்ரூவுக்குக் கையே எட்டவில்லையே?

பெரும்பாலான படகுகளில் எட்டாது. எட்டினாலும் கீழே பாத்திரம் வைக்க இடம் இருக்காது. அதனால் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருக்கும் குழாய் வழியாக மெல்லிய டியூபை இறக்கி, கை பம்பால் உறிஞ்சி எடுப்பதுதான் வழக்கம். டிப்ஸ்டிக்கின் நீளத்தை டியூபில் அளந்து டேப் ஒட்டிக்கொண்டால், அடியைத் தொட்டுவிட்டதா, வழியில் எங்காவது மடங்கி நிற்கிறதா என்று தெரியும். காற்றும் ஆயிலும் சேர்ந்து சர்ரென்று சத்தம் வந்ததும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். டியூபைச் சற்றுத் தூக்கி, திருப்பி, மறுபடி இறக்கிப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் வரும்.

வெளியே வந்ததை அளந்து பாருங்கள். கையேடு 4 லிட்டர் என்று சொல்லி உங்களுக்கு 3 லிட்டர்தான் வந்திருந்தால், ஒன்று ஆயில் முன்பே குறைவாக இருந்திருக்கிறது, இல்லை பாக்கி உள்ளேயே இருக்கிறது. எது என்று தெரியாமல் புது ஆயிலை ஊற்றக் கூடாது. எடுப்பதற்கு முன்பே டிப்ஸ்டிக் அளவைக் குறித்துவைத்திருந்தால் இந்தக் குழப்பம் வராது.

ஆயில் ஃபில்டர் இறுகிப்போய்க் கழலவில்லை. என்ன செய்வது?

பட்டை போட்டு இறுக்கும் ஃபில்டர் ஸ்பேனரால் முயலுங்கள். அது நுழைய இடமில்லையென்றால், ஒரு துண்டு உப்புத்தாளைச் சொரசொரப்பான பக்கம் ஃபில்டரில் படும்படி சுற்றிப் பிடித்துத் திருகுங்கள். நல்ல பிடி கிடைக்கும். ஸ்க்ரூடிரைவரைக் குத்தி நெம்பும் வேலை வேண்டாம். மெல்லிய தகடு கிழிந்து, அடிப்பாகம் மட்டும் இன்ஜினில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கழற்றும் முன் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையை ஃபில்டரைச் சுற்றிப் போட்டுக்கொண்டால் சிந்துவது எல்லாம் பைக்குள் விழும். கழன்றதும் பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். அது இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையங்களுக்கு நடுவே அழுத்தம் தாங்காமல் ஆயில் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று கையால் இறுக்கினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும். தேதியையும் மணிக்கணக்கையும் ஃபில்டர் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள்.

எவ்வளவு ஊற்ற வேண்டும்? கொஞ்சம் அதிகமானால் என்ன?

கையேடு சொல்லும் அளவில் முக்கால் பங்கை ஊற்றி, கொஞ்சம் பொறுத்து, டிப்ஸ்டிக் பார்த்துப் பாக்கியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். பிறகு ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணைகிறதா, ஃபில்டர் அடியிலோ ஸ்க்ரூவிலோ கசிகிறதா என்று பாருங்கள். நிறுத்திச் சில நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். புது ஃபில்டர் கொஞ்சம் குடித்திருக்கும்.

அதிகமானால் கேடுதான். கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்குப் பாகங்களைக் காக்கும் சக்தி இல்லை. சீல்கள் வழியாகவும் கசிய ஆரம்பிக்கும். கூடுதலாகிவிட்டால் தயங்காமல் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

பழைய ஆயிலில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் நிறம். டீசல் இன்ஜினில் புது ஆயில்கூடச் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். அது புகைக்கரி, பயப்பட ஒன்றுமில்லை.

ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் லேசாக வெள்ளைப் பசை ஒட்டியிருந்தால், அது குறைந்த சூட்டில் ஓடியதால் வந்த ஈரமாக இருக்கலாம். நீண்ட நேரம் ஓட்டியபின் மறுபடி பாருங்கள். டிப்ஸ்டிக்கிலேயே வெளுத்து வந்தால் இன்ஜினை அதற்குமேல் ஓட்டாதீர்கள். ஹெட் கேஸ்கெட், ஆயில் கூலர், உப்பரித்த எக்ஸாஸ்ட் பாகம், இதில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம்.

இன்போர்டுகளில் பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம் உண்டு. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை ஓட்டும்போது, கடல்நீர் பம்பும் சேர்ந்து சுற்றி எக்ஸாஸ்ட் பாதையில் தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளப் புகை அழுத்தம் இல்லாததால் தண்ணீர் பின்னுக்கு ஏறி சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இரண்டு மூன்று முறை முயன்றும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு முயலுங்கள். பிடித்ததும் முதல் வேலையாகத் திறந்துவிடுங்கள்.

கடல்நீர் கலந்த ஆயிலை ஒரு ராத்திரிகூட உள்ளே விட்டுவைக்காதீர்கள். எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றி, காரணத்தைச் சரிசெய்து, சிறிது நேரம் ஓட்டி மறுபடி மாற்றி, நிறம் தெளியும்வரை இதையே செய்ய வேண்டும். ஆயில் செலவைப் பார்த்தால் இன்ஜின் போய்விடும்.

அடுத்தது உலோகம். பழைய ஃபில்டரின் தகட்டை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை எடுத்துப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். விரலில் தேய்த்தால் தட்டுப்படாத மினுமினுப்பு இயல்பான தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் சில்லுகள் இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங் தேய்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தத் தாளோடு மெக்கானிக்கிடம் போங்கள்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடிக்கொண்டே போகிறது. இது எப்படி?

ஒன்று தண்ணீர், இல்லை எரிபொருள். வெளுத்திருந்தால் தண்ணீர். பெட்ரோல் வாடை அடித்து ஆயில் நீர்த்திருந்தால் எரிபொருள் இறங்குகிறது. தூண்டில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டும் அவுட்போர்டுகளில், குறிப்பாகக் குளிர்ந்த தண்ணீரில், இது அதிகம் வரும். ஆயிலை மாற்றிவிட்டு, ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்ச நேரம் வேகமாக ஓட்டுங்கள். அதன்பிறகும் அளவு ஏறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டு இன்ஜின் சூடாகாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கியர் ஆயிலையும் மாற்ற வேண்டுமா?

வேண்டும். அவுட்போர்டில் பலர் மறப்பது இதைத்தான். தண்ணீருக்குள் மூழ்கியே உழைக்கும் கியர் பெட்டியைத் தண்ணீரிடமிருந்து காப்பது சில ரப்பர் சீல்கள் மட்டுமே.

மோட்டார் இரவு முழுக்க நேராக நின்றபின், கீழ் ஸ்க்ரூவைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தால் அது ஆயிலைவிடக் கனமானது என்பதால் முதல் சொட்டுகளாக வெளியே வரும். பிறகு மேல் ஸ்க்ரூவைக் கழற்றினால் ஆயில் முழுதாக இறங்கும். சில பழைய மாடல்களில் கீழ் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போட்ட வேறொரு ஸ்க்ரூ இருக்கும். அது கியர் மாற்றும் கம்பியைத் தாங்குவது. அதைக் கழற்றினால் கியர் பெட்டியையே பிரிக்க வேண்டி வரலாம்.

நிரப்பும்போது கீழ்த் துளை வழியாகப் பம்ப் செய்து, மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும்வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். நிரம்பியதும் முதலில் மேல் ஸ்க்ரூவைப் போட்டு மூடுங்கள், அப்புறம் பம்பை எடுத்துவிட்டுக் கீழ் ஸ்க்ரூ. இந்த வரிசை மாறினால் ஏற்றிய ஆயில் கொட்டிவிடும். இரண்டுக்கும் புது வாஷர் போடுங்கள்.

கீழ் ஸ்க்ரூவின் காந்த முனையில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் இயல்பு. பல்லின் துண்டு இருந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். ஆயில் வெளுத்திருந்தால் புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள். ஷாஃப்டில் சுற்றிய தூண்டில் நரம்பு சீலை அறுத்திருக்கும் வாய்ப்பு அதிகம். வருடத்துக்கு ஒருமுறையாவது புரொப்பல்லரைக் கழற்றி நரம்பை எடுத்து, ஷாஃப்டில் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

இம்பெல்லரை எப்போது மாற்றுவது?

கடல் மணல் கலந்த தண்ணீரில் ஓட்டினால் வருடாவருடம், மற்றபடி கையேடு சொல்வதுபோல். இதழ்கள் வளைந்தபடியே நின்றாலோ அடியில் கீறல் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். ஓர் இதழ் பிய்ந்து போயிருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். அது குளிர்விக்கும் பாதையில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கும். மாட்டும்போது கிளிசரின் அல்லது சோப்புத் தண்ணீர் தடவுங்கள்.

துத்தநாகக் கட்டைகள் எதற்கு?

உப்புத்தண்ணீரில் மற்ற உலோகங்களுக்குப் பதிலாக அவை அரிக்கப்படுவதற்காக. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். பெயின்ட் அடித்தால் வேலை செய்யாது. மாட்டும் இடமும் சுரண்டிச் சுத்தமான உலோகமாக இருக்க வேண்டும். நன்னீரில் மட்டும் ஓடும் படகுக்கு மக்னீசியம், இரண்டுக்கும் நடுவே உள்ள உவர்நீரில் அலுமினியம் பொருந்தும். வருடக்கணக்கில் புதிதுபோலவே இருக்கும் கட்டை நல்ல செய்தி இல்லை. மின்தொடர்பு இல்லாமல் சும்மா தொங்குகிறது என்று அர்த்தம்.

பெட்ரோல் இன்போர்டில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

ஆவி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும், ஒரு தீப்பொறி போதும். ஸ்டார்ட் செய்யும் முன் குறைந்தது நான்கு நிமிடம் வெளியேற்றும் விசிறியை ஓடவிட்டு, மூடியைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள். அங்கே கார் ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ மாட்டாதீர்கள். வெளியே ஒன்றுபோல் தெரிந்தாலும், படகுக்கானவற்றில் உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி காப்பு உண்டு. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இதில் மட்டும் சமரசம் செய்துகொள்ளக் கூடாது.

எதை நானே செய்யக் கூடாது?

டைமிங் பெல்ட், இன்ஜெக்டர், கியர் பெட்டியின் உள்வேலை ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் விடுங்கள். பெல்ட் இறுக்கம், பேட்டரி முனைகள், எரிபொருள் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடிப்பது, ஹோஸ் கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் தாராளமாக நீங்களே செய்யலாம்.

பழைய ஆயிலை என்ன செய்வது? படகுக்குள் சிந்திவிட்டால்?

புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி இறுக்கி மூடி, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள். அதில் பெட்ரோலையோ கூலன்டையோ கலக்காதீர்கள். கலந்ததை மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்துவைத்து வடியவிட்டுக் கொடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன்பே, அடிப்பள்ளத்துத் தண்ணீரை வெளியேற்றும் பம்பின் ஆட்டோ ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சிந்திய ஆயிலை நீங்கள் பார்ப்பதற்குள் அது நேராகத் தண்ணீருக்கு அனுப்பிவிடும். சிந்தியதை ஆயிலை மட்டும் உறிஞ்சும் விரிப்பால் ஒற்றி எடுங்கள். வெளியே தண்ணீரில் படலம் தெரிந்தால் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றாதீர்கள். படலம் கண்ணுக்கு மறைந்தாலும் ஆயில் சிறு துளிகளாக உடைந்து தண்ணீருக்குள் கலந்துவிடும், அதன்பிறகு அள்ளவே முடியாது. எல்லாவற்றையும் துடைத்து முடித்ததும் அந்தப் பம்ப் ஸ்விட்சைத் திரும்ப ஆட்டோவில் போட்டுவிட்டுப் படகைவிட்டு இறங்குங்கள்.